சாயோவின் வரிசை

பதினோரு வருடமாக என் வேலை ஆட்களைத் தோளைப் பிடித்து விலக்குவது. நகோயாவில் ஓசு கடைத்தெருவைச் சுற்றியுள்ள சின்ன அரங்குகளில் பாட்டுக் குழுப் பெண்கள் ஆடிப் பாடி முடித்ததும், ஒவ்வொருத்திக்கு முன்னாலும் ரசிகர்கள் வரிசை கட்டுவார்கள். ஒரு சீட்டுக்கு அவளோடு அங்கேயே எடுத்துத் தரும் ஒரு போட்டோ, இருபது விநாடிப் பேச்சு. இருபத்தோராவது விநாடியில் ரசிகரின் தோளில் ஒரு கை விழும். அந்தக் கை என்னுடையது. "நேரமாச்சுங்க, ரொம்ப நன்றிங்க" என்று வாய் சிரிக்கும், கை தள்ளும். கவாசே என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கை அக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கோபக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். சாயோவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்தது கோபம்தான். யார்மேல் என்று கேட்டால் பட்டியல் நீளும். அதில் அவளும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன்.

அவள் பதினேழு வயதில் காமகோரியிலிருந்து வந்தாள். கடலோர ஊர், ஆரஞ்சுத் தோட்டம், அப்பா பஸ் டிரைவர். 'ஹோதாரு பஸ்' என்று ஐந்து பெண்கள் கொண்ட குழு. ஹோதாரு என்றால் மின்மினி. ஆளுக்கொரு நிறம் உண்டு. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவளின் நிறத்தில் ஒளிக்குச்சியை ஏற்றி ஆட்டுவார்கள். சாயோவுக்குக் கிடைத்தது வெளிர்நீலம். யாரும் கேட்காமல் மிஞ்சிய நிறம் அது.

முதல் வருடம் மற்ற நான்கு பேர் முன்னால் முப்பது, நாற்பது பேர் நிற்பார்கள். சாயோ முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். வேறு வேலையில் தோற்றால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். இந்தத் தொழிலில் தோல்வியை நடு அரங்கில் நிறுத்தி, மேலே பெயர்ப்பலகையும் மாட்டி, சிரி என்பார்கள். அவளும் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நான், யாரையும் விலக்க வேண்டிய வேலை இல்லாமல், விநாடிக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வரிசைக்கு முதலில் வந்து சேர்ந்தவர் உமெஹாரா. லிப்ட் பழுது பார்ப்பவர், அப்போதே ஐம்பதை நெருங்கியவர். தனக்குக் கிடைத்த இருபது விநாடியில் அந்த மனுஷர் பேசியது என்ன தெரியுமா?

"மதியம் கிஷிமென் சாப்ட்டேன்."

"அப்படியா! எப்படி இருந்துச்சு?"

"நூடுல்ஸ் பரவால்ல. மேல போடுற மீன் துருவலைக் கொறச்சிட்டான்."

"அநியாயமா இருக்கே! கடையை மாத்திருங்க."

"மாத்திர்றேன்."

அவ்வளவுதான். நான் தோளைத் தொடுவேன். அவர் குனிந்து வணங்கிவிட்டு, கையில் இருக்கும் அடுத்த சீட்டோடு, கட்டியிருக்கும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்து போவார். வரிசையில் அவரைத் தவிர ஈ காக்கா கிடையாது. இருந்தாலும் கயிற்றைத் தாண்டமாட்டார். சுற்றித்தான் வருவார். வந்து, "அடுத்தது நான் வரலாங்களா?" என்று என்னிடம் கேட்பார். எங்கள் ஆட்களின் ஒழுங்கைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாய் ஓயாமல் புகழ்வார்கள். அவர்கள் என் இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

சாயோ அழகி என்று சொல்ல முடியாது. குரலும் சுமார்தான். ஆனால் யார் என்ன சாப்பிட்டார், யாருடைய பூனைக்கு ஆபரேஷன், யாருடைய மேனேஜர் கடுவன் பூனை என்பதெல்லாம் அவளுக்கு மறக்காது. மூன்று மாதம் கழித்து வந்தவரிடம், "பூனைக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்பாள். அந்த மனுஷன் அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து, ஐந்து வருடத்தில் அவள் வரிசை அரங்கைத் தாண்டிப் படிக்கட்டு வரை போனது. மிஞ்சிப்போன வெளிர்நீலம் அரங்கில் பாதியை நிறைத்தது. இருபத்து மூன்று வயதில் அவளை நடுவில், அதாவது தலைமை இடத்தில், நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் உட்காரும் பெரிய அரங்கு, மூன்று வாரத்தில் நிகழ்ச்சி.

வெண்ணெய் திரளும் நேரத்தில்தானே தாழி உடையும். உடைத்தவர் குழுவின் முதலாளி இனுகாய். ஏழு மணி நேர ஒத்திகை முடிந்து பெண்கள் தரையில் கிடந்தபோது, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். எப்போதும் ஒரே ஒரு தடவை என்றுதான் சொல்வார், அதையே நாலு தடவை சொல்வார். மூன்றாவது தடவையில் சாயோ குதித்து இறங்கியபோது முழங்கால் திரும்பிக்கொண்டது. உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"கவாசே அக்கா, நான் பட்டம் வாங்கிட்டேனாமே?"

எங்கள் தொழிலில் ஒரு பெண் விலகினால் விலகினாள் என்று சொல்லமாட்டோம். பட்டம் பெற்றாள் என்போம். பள்ளிக்கூடம் முடித்த மாதிரி பூங்கொத்து, கண்ணீர், கடைசிப் பாட்டு என்று ஒரு நாள் முழுக்க விழா நடக்கும். சாயோவுக்கு நடந்தது இணையத்தில் நாலு வரி. 'உடல்நிலை காரணமாக, அவருடைய விருப்பப்படி.'

"உன் விருப்பமா?" என்றேன்.

"எனக்கே போனைத் திறந்து பார்த்துத்தான் தெரியும். என் விருப்பம் என்னன்னு யாராச்சும் சொன்னா நானும் தெரிஞ்சிக்குவேன்."

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெயர்ப்பலகையை ஆணியிலிருந்து கழற்றியது இந்தக் கைதான். இனுகாய் சொன்னார், கழற்றினேன். இரண்டே வாரத்தில் ரிரா என்ற பதினைந்து வயதுச் சிறுமிக்கு வெளிர்நீலச் சட்டை தைத்து மேடையேற்றினார்கள். அந்தக் குழந்தைமேல் தப்பு இல்லை. அவளும் பயந்து நடுங்கிக்கொண்டுதான் நின்றாள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், பல்லைக் கடித்தார்கள், புதுப் பெண்ணின் மனம் நோகக்கூடாது என்று வெளிர்நீலக் குச்சியை ஆட்டினார்கள். உமெஹாரா மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. ஒருவர் வராமல் போனதைத்தான் எங்கள் ஊரில் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. விலகியவள் இரண்டு வருடம் எந்த மேடையிலும் ஏறக்கூடாது. குழுவின் பாட்டையும் நிறத்தையும் எப்போதும் தொடக்கூடாது. பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டபோது அவளும் படிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்த அப்பாவும் படிக்கவில்லை. பெரிய மனுஷர் நீட்டும் காகிதத்தை அவர் எதிரிலேயே படிப்பது மரியாதையில்லை என்று நினைக்கிற ஜனம் நாங்கள்.

சாயோ ஊருக்குத் திரும்பி, நொண்டிக்கொண்டே சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பலகாரப் பிரிவில் நின்று, கொரொக்கே என்ற பொரித்த உருளைக்கிழங்கு வடை சூடாக வந்தால் மைக்கில் கூவுவது அவள் வேலை. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு முன்னால் பாட இருந்த குரல், "இப்பதான் பொரிச்சது, நாலு எடுத்தா ஒன்னு இலவசம்!" என்று கூவியது. நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். வலைத்தொப்பியும் முகக்கவசமுமாக நின்றாள். அவளுடைய இடைவேளையில் பின்பக்கம் காலிப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து பேசினோம்.

"அக்கா, அவங்க இங்க வர்றாங்க," என்றாள்.

"யாரு?"

"நம்ம ஆளுங்க. பூனைக்காரர், உமெஹாரா சார், கண்ணாடி போட்ட அந்த வாத்தியார். சனிக்கிழமையானா யாராச்சும் வர்றாங்க. கொரொக்கே எடுக்குறாங்க, போறாங்க. என் மூஞ்சியை நிமிந்துகூடப் பாக்கல. நான் யாருன்னே தெரியாத மாதிரி."

"அடி பைத்தியமே, அது அவங்க மரியாதைடி. மேடைக்கு வெளிய நம்ம பொண்ணைப் பாத்தா கண்டுக்காம போகணும். அதானே வழக்கம்?"

"மரியாதையா? நகோயாவுல இருந்து ஒரு மணி நேரம் ரயிலேறி வந்து மூஞ்சியைத் திருப்பிக்கிறது மரியாதையா?"

"ஒரு மணி நேரம் ரயிலேறி எவன்டி கொரொக்கே வாங்க வருவான்? யோசி."

"பாவம் பாத்து வர்றாங்க. இல்லன்னா வேடிக்கை பாக்க வர்றாங்க. வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் நம்புவேன்."

நான் எவ்வளவு சொல்லியும் அவள் ஏற்கவில்லை. அவள் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. திரும்பும் ரயிலில், அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றியதும் கோபம் அவர்கள்மேல் திரும்பியது.

இரண்டு வருடம் முடிந்த மறுநாளே நான் ஒகுமுராவைப் போய்ப் பார்த்தேன். ஓசுவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நூறு பேர் நிற்கக்கூடிய அரங்கு வைத்திருப்பவர். நல்லவர், ஆனால் வியாபாரி. ஒரு ஞாயிறு மதியம் தருகிறேன் என்றார்.

"பாடுறதை நான் பாக்கமாட்டேன், கவாசே. அது எல்லாரும் பாடுவாங்க. முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணு முன்னால வரிசை நிக்குதான்னு பாப்பேன். நின்னா, மாசாமாசம் முதல் ஞாயிறு அவளுக்கு. நிக்கலன்னா நாம யாரும் யாருக்கும் விரோதி இல்ல."

சாயோவிடம் சொன்னேன். "ஒரே ஒரு நாள்தான் அக்கா. வரிசை நிக்கலன்னா திங்கக்கிழமை கடையில என்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுருவேன். இந்தத் தடவை காகிதத்தைப் படிச்சிட்டுப் போடுவேன்," என்றாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. எங்கள் தொழிலில் அது கிழவிக் கணக்கு.

அந்த ஞாயிறு மதியம் ஒரு மணி. சாயோ வெள்ளைச் சட்டையும் முழங்கால் பட்டையும் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள். மூன்று புதுப் பாட்டு, சொந்தப் பாட்டு. நான் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். உமெஹாரா தலை நரைத்து, தொப்பை போட்டு நின்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் மேடைக்கு முன்னால் இடத்தைக் காலியாக விட்டுப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

பாட்டு தொடங்கியது. ஒரு குச்சிகூட எரியவில்லை. எல்லோர் கையிலும் குச்சி இருக்கிறது, எல்லாம் அணைந்து கிடக்கிறது. நான் சுவரோரமாகப் போய் உமெஹாராவின் காதில், "எரிய விடுங்களேன்!" என்றேன்.

"வெளிர்நீலம் இப்ப ரிராவோடதுங்களே. அதை ஏத்தினா அந்தப் பாப்பாவுக்கு மரியாதைக் குறைவு."

"அப்ப வேற நிறம் ஏத்துங்க!"

"வேற நிறம் ஏத்தினா சாயோவுக்கு மரியாதைக் குறைவு இல்லீங்களா?"

இவர்களை என்ன செய்ய? மேடையிலிருந்து பார்ப்பவளுக்குத் தெரிவது இருட்டு மட்டும். சாயோ முதல் பாட்டில் சிரித்தாள். இரண்டாவதில் சிரிக்க முயன்றாள். மூன்றாவதில், அந்த முழங்காலோடு, குதிக்க வேண்டிய இடத்தில் குதித்தாள். சரியாக வந்து இறங்கினாள். கை தட்டினார்கள். அதையும் பின்சுவரிலிருந்து, பக்கத்துவீட்டுக் குழந்தை எழுந்துவிடுமோ என்கிற மாதிரி தட்டினார்கள்.

பிறகு வரிசை நேரம் வந்தது. கயிறு கட்டினேன். இரண்டு வருடமாக என் வீட்டு அலமாரியில் இருந்த அவள் பழைய பெயர்ப்பலகையை மாட்டினேன். அவள் அதன் கீழே வந்து நின்றாள். ஒகுமுரா கையைக் கட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றார். வாசலில் சீட்டு வாங்கியிருந்தார்கள், எல்லோர் கையிலும் சீட்டு இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. சாயோ எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். பதினேழு வயதில் சிரித்த அதே சிரிப்பு. ஆனால் அன்றைக்குச் சுவரோரம் யாரும் இல்லை. இன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், யாரும் வரவில்லை. எது மோசம் என்று அவளைக் கேட்டால் தெரியும். ஒகுமுரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் பின்னால் போய்க் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க போங்க, நீங்கதான் ஆரம்பத்துல இருந்து இருக்கீங்க," என்கிறார் பூனைக்காரர்.

"ஐயய்யோ, அதனாலதான் நான் போகக்கூடாது," என்கிறார் உமெஹாரா. "பழைய ஆளுங்களே முன்னால போய் நின்னா புதுசா வர்றவங்களுக்குக் கூச்சமா இருக்கும். புது ரசிகர் யாராச்சும் முதல்ல போகட்டும்."

"ஆமாமா, புதியவங்க முதல்ல," என்கிறார் கண்ணாடி வாத்தியார். சுற்றியிருந்த முப்பத்தைந்து தலைகளும் ஆடின. அத்தனை பேரும் பெருந்தன்மையோடு, வராத ஒரு புது ரசிகருக்கு வழிவிட்டு நிற்கிறார்கள். முந்திரிக்கொட்டையாக இருக்க ஒருவருக்கும் மனசில்லை. அங்கே ஒருத்தியின் பிழைப்பு விநாடி விநாடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்குத் தலைக்கு ஏறியது.

"யோவ்!" என்று கத்தினேன். "புதுசா எவன்யா இங்க இருக்கான்? காட்டுங்க பாப்போம்! முப்பத்தெட்டும் பழைய சரக்கு! அந்தப் பொண்ணு அங்க யாரும் வேணாம்னு நெனச்சிக்கிட்டு நிக்குது. நீங்க இங்க மரியாதையை வச்சு ஊறுகா போடுறீங்களா? பதினோரு வருஷமா போதும் போதும்னு உங்களை இழுத்து விட்டேன். இன்னைக்குப் போ போன்னு தள்ள வேண்டியிருக்கு!"

சொல்லிக்கொண்டே உமெஹாராவின் சட்டைக் காலரைப் பிடித்தேன். ஐம்பத்தைந்து வயது மனுஷர், கௌரவமான லிப்ட் பழுதுக்காரர். அவரை அப்படியே தரதரவென்று இழுத்து வந்தேன். கயிற்றைச் சுற்றிப் போகப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து எறிந்தேன். சாயோவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் விநாடிக் கடிகாரத்தை அமுக்கினேன்.

ஐந்து விநாடி ஓடியது. உமெஹாரா தரையைப் பார்த்தார்.

"மதியம்…" என்றார். "மதியம் ஒன்னும் சாப்பிடல. பயமா இருந்துச்சு."

சாயோ அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆனா சனிக்கிழமை கொரொக்கே சாப்ட்டேன். ரெண்டு வருஷம், ஒரு சனிக்கிழமைகூட விடல. நாலு எடுத்தா ஒன்னு இலவசம்னு நீங்க சொல்லுவீங்க, அதனால நாலு. வாரத்துக்கு அஞ்சு. கொழுப்பு ஏறிப்போச்சுன்னு டாக்டர் திட்டுறாரு."

அவள் முகத்தில் அந்தச் சுவர்ச் சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது.

"அப்ப நான் யாருன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியாம யாருங்க அவ்வளவு தூரம் கொரொக்கேவுக்கு வருவாங்க?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"வேலை நேரங்களே. தொந்தரவு பண்ணக்கூடாதில்ல."

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ரசிகர் என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும், குரல் உயரக்கூடாது. எட்டு வருடத்தில் சாயோவின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள். "ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷம் அந்த நாசமாப்போன மைக்கைப் பிடிச்சிக்கிட்டு, என்னை யாருக்கும் ஞாபகம் இல்லன்னு நெனச்சு அழுதேன்! நீங்க எனக்கு எதிர்லயே நின்னு தட்டுல கொரொக்கே பொறுக்கிக்கிட்டு இருந்தீங்களா? இன்னைக்கும் இருட்டுல நின்னுக்கிட்டு… அந்தக் குச்சியை எதுக்குக் கொண்டுவந்தீங்க, முதுகு சொறியவா?"

உமெஹாரா கையிலிருந்த குச்சியை அமுக்கினார். எந்த நிறம் ஏற்றுவது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அது பாட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சாயோவுக்கும் வழிந்தது. ஆனால் அவள் திட்டுவதை நிறுத்தவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முன்னால் ஒருவர் போய்விட்டார் அல்லவா, இனி யாரும் முந்திக்கொண்டதாக ஆகாது. பூனைக்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வாத்தியார். கயிறே இல்லாத இடத்தில், ஆளுக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு, நூல் பிடித்த மாதிரி வரிசை வளர்ந்து படிக்கட்டில் ஏறியது. வழியில் நின்ற ஒகுமுரா சுவரோடு ஒதுங்கி இடம் விட வேண்டியிருந்தது. கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

இருபத்தோராவது விநாடியில் என் கை, என்னைக் கேட்காமலே, உமெஹாராவின் தோளில் விழுந்தது. அவரும் பழக்கத்தில் குனிந்து வணங்கிக் கிளம்பப் பார்த்தார்.

"கையை எடுங்க அக்கா," என்றாள் சாயோ. "நான் இன்னும் திட்டி முடிக்கல."

எடுத்துவிட்டேன். வரிசையில் மீதி முப்பத்தேழு பேரும், அவரவர் திட்டு வாங்கும் முறை வரும்வரை, பொறுமையாக நின்றார்கள்.